ஆய்வேட்டுக்கு மூன்று பிரதிகள்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஆய்வேட்டில் பாதிக்கு மேல் எழுதி முடித்துவிட்டதாக நீ சொன்னது மகிழ்ச்சி. அத்தனையும் உன் மடிக்கணினியில் மட்டுமே இருக்கிறது என்றதுதான் என்னை எழுத வைத்தது.

கணினி பழுதானால் வேறு வாங்கலாம், எழுதியதை வாங்க முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் கெடுவதற்கு முன் சில வேளைகளில் கடகடவென்று ஓசையாவது எழுப்பும். உன்னுடையதில் உள்ள எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை, எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நாளில் நின்றுவிடக்கூடும். ஆகவே கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என எப்போதும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். கூகுள் டிரைவ் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. அதனோடு இணைத்த கோப்புறையில் நீ தவறுதலாக ஒன்றை அழித்தால் அங்கும் அது அழியும்; குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

நகலெடுத்ததும், அந்த டிஸ்க்கிலிருந்தே ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம்வரை பார். பிறகு டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடு. செருகியபடியே விடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல், கணினியில் இருந்த கோப்புகளோடு அதில் செருகியிருந்த டிஸ்க்குகளில் இருந்தவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை. அதை நிறுவாத பிரிட்டன் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தும் வழக்கத்தை, அம்மா கண்டிப்பாகவே சொல்கிறேன், விட்டுவிடு. உன் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாறிவிடு; விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

மெத்தைமேல் வைத்து எழுதாதே, அடியில் காற்றுப் போகும் துளைகள் அடைபட்டுச் சூடேறும். தூசியை ஊதி எடுக்கும்போது கணினியை அணைத்துவிட்டு, விசிறி சுழலாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் மெல்லப் பிடித்துக்கொள். நாள் முழுதும் மின்னிணைப்பில் வைத்தே வேலை செய்வதால், சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடு, பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

வெளி டிஸ்க் வாங்க உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். ஒரு டெராபைட் போதும். இந்த வாரமே வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா