வேலை நடந்துகொண்டிருந்த ஊர்

நேப்பிள்ஸ்,
வியாழன் இரவு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்து, பின்னாளில் தோண்டி எடுத்த பழைய ரோமானிய ஊரான பொம்பேயில், நீ பதிவு செய்து கொடுத்த நடைச் சுற்றுலாவை முடித்துவிட்டு நானும் அம்மாவும் விடுதிக்குத் திரும்பிவிட்டோம். தொலைபேசியில் நீ கேட்டபோது “நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் உனக்கும் போதாது, எனக்கும் போதவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களோடு 15 பேர். வழிகாட்டிய பெண்மணி எல்லோர் காதிலும் ஒரு சிறு கருவியை மாட்டிவிட்டு, மரீனா வாயில் வழியாக ஏற்றத்தில் அழைத்துச் சென்றார். கோயில்களையும் மன்றத்தையும் அவர் விரித்துரைத்தபோது, முப்பது ஆண்டு ஓவர்சியர் வேலை பார்த்த உன் அப்பாவின் கண் தரையிலேயே இருந்தது. தெருவெங்கும் எரிமலைக் கருங்கல் பாவியிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடத்தில் என் நான்கு விரல்களும் புதைந்தன. பெரும்பாலான தெருக்களில் அடியில் சாக்கடை கிடையாது. மழைநீரும் கழிவும் தெருவின் மேலேயே வாட்டத்தில் ஓடிப் போக விட்டிருக்கிறார்கள். அதனால்தான் நடைபாதை அவ்வளவு உயரம், அதனால்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கால் நனையாமல் தாண்டக் குறுக்கே பெரிய கற்களை நட்டிருக்கிறார்கள். சக்கரம் போவதற்கு வேண்டிய இடைவெளியும் அந்தக் கற்களுக்கிடையே இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தக் கற்கள் ஒத்துவரவில்லை, ஆனால் வம்புக்கென்றே இரண்டு இடத்தில் தாண்டிப் பார்த்தாள்.

தண்ணீர் கதைக்கு வருகிறேன். ஊரின் உச்சியில் வெசுவியஸ் வாயிலருகே ஒரு பங்கீட்டு மண்டபம் இருக்கிறது. மலையிலிருந்து கால்வாயில் வந்த நீரை அங்கே மூன்றாகப் பிரித்து, ஈயக் குழாய்களில் கீழே விட்டிருக்கிறார்கள். ஊர் சரிவாக இருப்பதால் அப்படியே விட்டால் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும். அதற்காகத் தெருமுனைகளில் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்துக்குத் தூண் கட்டி, உச்சியில் ஈயத்தொட்டி வைத்து, நீரை ஏற்றி இறக்கி அழுத்தத்தைத் தணித்திருக்கிறார்கள். தூணின் பக்கவாட்டில் குழாய் ஏறி இறங்கிய பள்ளமும், வழிந்து வழிந்து படிந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கும் இன்னும் இருக்கின்றன. ஈயம் விஷமாயிற்றே என்று ஒருவர் கேட்டார்; குழாயின் உட்புறத்திலும் இதே பொருக்கு படிந்து ஓரளவு காப்பாற்றியிருக்கும் என்றார் வழிகாட்டி.

ஊரில் சுமார் 40 பொதுக் குழாயடிகள். அபொந்தான்சா தெருவில் உள்ளதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். நீர் விழும் வாய்க்கு அருகே கல் குழிந்து வழவழவென்று இருக்கிறது. ஒரு கையை ஊன்றிக் குனிந்து மறு கையால் நீர் பிடித்தவர்கள் தேய்த்த குழி அது. நானும் கையை வைத்தேன். என் உள்ளங்கை சரியாக உட்கார்ந்தது.

உன் அம்மாவுக்குப் பிடித்தது அடுமனைதான். நம் ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். இங்கே உள்ளே கூம்புக்கல் நிற்க, மேலே இடை சிறுத்த உடுக்கை போன்ற கல்லைக் கழுதையைப் பூட்டிச் சுற்ற வைத்திருக்கிறார்கள். “ஆட்டுக்கல்லைத் தலைகீழாக்கிவிட்டார்கள்” என்று அவள் சொன்னதை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாட்டை நேரில் சொல்கிறேன். ஓர் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகிக் கிடைத்தனவாம். மாண்டவர்களின் உடல் மக்கிச் சாம்பலுக்குள் விட்டுப்போன வெற்றிடங்களில் 1863 முதல் சாந்து ஊற்றி எடுத்த உருவங்களை மட்டும் அவள் பார்க்க மறுத்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கி.பி. 79-இல் சாம்பல் விழுவதற்கு 17 ஆண்டுகள் முன்பு, 62-இல், இந்த ஊரைப் பெரிய நிலநடுக்கம் குலுக்கியிருக்கிறது. எரிமலை வெடித்த நாளிலும் ஊர் பழுதுபார்ப்பில்தான் இருந்ததாம். ஒரு வீட்டில் ஓவியர்கள் சுவரின் மேற்பகுதியை முடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வண்ணக் கிண்ணங்களைப் போட்டது போட்டபடி விட்டு ஓடியிருக்கிறார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்ட வேண்டிய வேலை அது, ஆகவே அன்று காலைதான் அந்தப் பூச்சைப் பூசியிருக்க வேண்டும். சில தெருக்களில் குழாய் வேலைக்காக நடைபாதையோரம் தோண்டிய பள்ளங்கள் மூடப்படாமலே இருந்து, எரிமலைக் கற்கள் விழுந்து நிரம்பியிருக்கின்றன. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்தே கிடந்ததும், “அப்பா ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறார், நம் தெருவுக்கு மட்டும் சேறு” என்று நீ பள்ளிச் சீருடையோடு வந்து நின்றதும் நினைவிருக்கிறதா? அந்தப் பள்ளத்துக்கு அன்று நான் சொன்ன சமாதானங்களில் பாதி உண்மையில்லை. குழாய் வந்து சேரும் முன்பே தோண்டச் சொன்னவன் நான்தான். இவ்வளவு காலம் கழித்து, யாரோ ஓர் ஓவர்சியர் தோண்டிப் போட்ட பள்ளத்தருகே நின்றுதான் உன்னிடம் இதைச் சொல்லத் தோன்றியது.

நாளை இங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். பொம்பேயில் 1938-இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. இந்தியச் சரக்குக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசு போகிறதே என்று புலம்பிய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே எரிமலை வெடிப்பில்தான், கப்பலோடு மக்களை மீட்கப் போன இடத்தில் இறந்தார். அவர் புலம்பலில் நம் பக்கத்து மிளகும் முத்தும் சேர்த்தி.

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறதே, அதற்கு யாரையும் கூப்பிடாதே. வாஷர்தான் தேய்ந்திருக்கும், நான் வந்து மாற்றுகிறேன்.

அன்புடன்,
அப்பா