வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு: அந்த வாத்தியாரையும் பாடத்தில் சேருங்கள்

பள்ளிகளில் வரலாறு நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல முதல் உலகப் போரை ஆண்டுதோறும் நடத்தியவன். சராயேவோ கொலையில் தொடங்குவேன். கூட்டணிகளைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப் போடுவேன். பதுங்குகுழிப் போருக்கு ஐந்து நிமிடம். அப்புறம் வெர்சேல்ஸ் உடன்படிக்கை. பிள்ளைகள் நல்ல மதிப்பெண்தான் வாங்கினார்கள். எரிக் மரியா ரெமார்க்கின் நாவலை ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன். நான் நடத்திய 1914-இல் ஓர் ஆள் விட்டுப்போயிருப்பது அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

நாவலின் ஜெர்மன் தலைப்புக்கு 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்று பொருள். கதையைச் சொல்பவன் பவுல் பாய்மர், பள்ளியிலிருந்து நேரே போருக்குப் போன ஜெர்மன் பையன். முதல் பக்கங்களில் சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். மீதிச் சாப்பாடும் தங்களுக்குத்தான் என்று பையன்கள் மகிழ்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பசி அப்படி. இதே முதல் அத்தியாயத்தில்தான் கான்டொரெக் வருகிறார், அவர்களுடைய வகுப்பாசிரியர். உடற்பயிற்சி வகுப்பில் பேசிப் பேசியே மொத்த வகுப்பையும் படையில் சேர வைத்தவர். தானே முன்னால் நடந்து ஆளெடுக்கும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.

போக மனமில்லாத பையன் ஒருவன் இருந்தான். யோசேஃப் பேம், கொஞ்சம் பருத்த உடம்பு, சாது. மறுத்தால் கோழை என்று பேர் வரும், பெற்றவர்களே அப்படிச் சொல்லத் தயாராக இருந்த நேரம் அது. அவனும் சேர்ந்தான். வகுப்பில் முதலில் விழுந்தவனும் அவனே. கண்ணில் அடிபட்டவனை இறந்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறார்கள். பிற்பகலில் அவன் குரல் கேட்கிறது. பார்வை இல்லை, வலி தாங்கவில்லை, மறைவிடம் தேடத் தெரியாமல் வெட்டவெளியில் தவழ்கிறான். யாராவது போய்த் தூக்கி வருவதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

கான்டொரெக் பொல்லாதவர் என்று ரெமார்க் எழுதவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எல்லோரும் நல்லது செய்வதாகவே நம்பினார்கள் என்கிறான் பவுல். நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் இது. கெட்டவர் என்றால் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நகர்ந்திருப்பேன். அவர் தன் வேலையை விரும்பிச் செய்த ஆசிரியர்.

ஏழாம் அத்தியாயத்தில் பவுல் விடுப்பில் ஊருக்கு வருகிறான். அவனுடைய ஜெர்மன் மொழி ஆசிரியர் அவனை மதுவிடுதி மேசைக்குக் கூட்டிப் போகிறார். அங்கே பெரியவர்கள் எந்தெந்த நாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெல்ஜியம் முழுவதும் வேண்டும் என்று அடித்துப் பேசுபவர் யார் தெரியுமா? ஒரு தலைமையாசிரியர். அதே விடுப்பில் கான்டொரெக்கும் கண்ணில் படுகிறார். அவரையும் ஊர்க்காவல் படைக்கு அழைத்துவிட்டார்கள். பழைய மாணவன் மிட்டல்ஷ்டெட் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறான். பேமின் பெயரைச் சொல்லி ஒரு கணக்கையும் சொல்கிறான்: முறைப்படி அழைப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பே பேம் இறந்துவிட்டான், நீங்கள் இல்லாமல் இருந்தால் அந்த மூன்று மாதமாவது உயிரோடு இருந்திருப்பான்.

இதெல்லாம் கதைதானே என்று சிலர் கேட்கலாம். படையில் சேரும் மாணவர்களுக்கு 1914 ஆகஸ்டில் ஜெர்மனியில் பள்ளியிறுதித் தேர்வை அவசரமாக நடத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கென்றே ஒரு பெயரும் இருந்தது, 'நோட்அபிட்டூர்'. ரெமார்க் தானாகப் போய்ச் சேர்ந்தவர் அல்ல. ஓஸ்னாப்ரூக் நகரில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவரை 1916 நவம்பரில் படைக்கு அழைத்தார்கள், வயது 18. அடுத்த ஆண்டு ஜூலை 31-இல் குண்டுச் சிதறல் பட்டது. பிறகு மருத்துவமனை வாசம். போர் முடிந்ததும் கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். கான்டொரெக்கை எழுதியவர் நம் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்.

நாவல் 1928-இல் நாளிதழில் தொடராக வந்து 1929 ஜனவரியில் நூலானது. 1930 டிசம்பரில் அதன் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது ஹிட்லரின் நாஜிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கோயபல்ஸின் ஆட்கள் அரங்கில் வெள்ளெலிகளை விட்டுக் கலவரம் செய்தார்கள். சில நாட்களில் படத்துக்குத் தடை வந்தது. 1933 மே 10 அன்று நூலைத் தீயில் போட்டார்கள். உலகப் போர் வீரர்களுக்கு இலக்கியத்தால் துரோகம் செய்தவர் என்று ரெமார்க்கின் பெயரைச் சொல்லி முழக்கமிட்டபடி எறிந்தார்கள். அந்த எரிப்பை முன்னின்று நடத்தியது பல்கலைக்கழக மாணவர் அமைப்பு. போர் முடிந்து 15 ஆண்டுகூட ஆகவில்லை. அந்த மாணவர்களும் யாரிடமோ படித்துவிட்டு வந்தவர்கள்தானே? 1943-இல் ரெமார்க்கின் தங்கை எல்ஃப்ரீடே ஷோல்ட்ஸுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இனி வெல்ல முடியாது என்று பேசியதுதான் குற்றம்.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. கூட்டணிகளை நடத்துங்கள், அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒருநாள் முதல் அத்தியாயத்தில் பேம் வரும் பக்கங்களையும், ஏழாம் அத்தியாயத்தில் கான்டொரெக் பயிற்சி எடுக்கும் பகுதியையும் உங்கள் வார்த்தையில் வகுப்பில் சொல்லுங்கள். பவுலின் வகுப்புத் தோழன் கெம்மெரிக் கால் இழந்து சாகும் காட்சி வேண்டாம், பதினைந்து வயதுக்கு அது அதிகம். கதை கேட்டதும் பிள்ளைகள் உங்களைத்தான் பார்ப்பார்கள், புத்தகத்தை அல்ல. அந்தப் பார்வைக்குப் பதில் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. என்னிடமும் இருந்திருக்காது.

மூன்று மாதம் என்றால் எவ்வளவு என்று மட்டும் அவர்களைக் கேளுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலாண்டுத் தேர்வு வரைக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்