எலுமிச்சைக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கோடைக்காலச் சருமப் பராமரிப்புப் பக்கத்தில், ‘காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெளியே போகாதீர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். எங்கள் கிருஷ்ணகிரியில் சித்திரை, வைகாசி என்றால் மாங்காய் அறுவடை. பறிப்பதாவது மர நிழலில் நடக்கும். தரம் பிரிப்பதும் கூடை சுமந்து வண்டியில் ஏற்றுவதும் பொட்டல் வெயிலில்தான். பத்து மணிக்கு வீட்டுக்குள் போய்விட்டால் அன்றைய கூலி யார் தருவார்கள்? எங்கள் மாம்பழத்தைப் பற்றி வருடந்தோறும் படத்தோடு எழுதுகிற உங்களுக்கு இது தெரியாததல்ல.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதே பக்கத்தில் கட்டம் கட்டி, வெயிலில் கருத்த இடத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வருடம் என் தங்கை மகள் இப்படித்தான் எங்கோ படித்துவிட்டு, கையிலும் கழுத்திலும் எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். இரண்டாம் நாள், சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாகக் கொப்புளம். ஆறிய பிறகும் அந்தக் கோடுகள் கருப்பாகவே நின்றன. ஆடி கழிந்தும் போகவில்லை. எலுமிச்சையில், அதிலும் அதன் தோலில், இருக்கும் ஒரு பொருள் மேலே பட்டு அதன்மீது புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துவிடும் என்றார் தோல் டாக்டர். உங்களிடம் மருத்துவக் குறிப்பு எழுத ஆள் இருக்கிறார்களே, ஒருவரைக் கேட்டிருக்கக் கூடாதா?

கருமை போக வேண்டும் என்ற பேச்சே எனக்கு ஆகாது. இரண்டு கோடைக்கு முன்பு ‘சிவப்பழகு’ என்று தலைப்பிட்டு இதே இணைப்பில் ஒரு பக்கம் வந்தது. வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு பூசி, தோல் மெலிந்து, காலை வெயிலுக்கே முகம் எரிகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்கிறீர்கள், சரி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்பே. அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் பத்து நாள் வந்தால் அதிகம். எங்கள் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, அதன் நுனியால் கன்னத்தையும் மூடிக்கொள்கிறார்கள். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துணி கிரீமைவிட நம்பகமானது. வியர்வையில் நனைந்து ஒட்டிய மெல்லிய வெள்ளைத் துணிதான் கதிரை உள்ளே விட்டுவிடும். மேகம் போட்டிருந்தாலும் கதிர் வரும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் எழுதலாமே.

நிழல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் புளியமரங்களை வெட்டினார்கள். பேருந்து நிற்கும் இடத்தில் கூரையும் போடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் அப்போது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம்.

இந்தக் கடிதத்தையும் நீங்கள் போட வேண்டாம். எலுமிச்சைக் குறிப்புக்கு மட்டும் வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் திருத்தம் போடுங்கள். படித்துவிட்டு இன்னொரு பெண் அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலுக்குப் போவதற்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.