செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சேத்ரி விடைபெற்றதும் திரும்பி வந்ததும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நம் கால்பந்து ரசிகர் மன்றத்து நண்பர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் அதிகம், பெண்களும் முன்பைவிட அதிகம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் ஆடும் நம் ஊர் அணி சென்னையின் எஃப்.சி. நேரு ஸ்டேடியத்தில் ஆடிய ஆட்டங்களுக்கு உறுப்பினர்கள் சேர்ந்தே போனோம். ஸ்பெயின் இங்கிலாந்தை 2–1 என்று வென்ற யூரோ 2024 இறுதி ஆட்டத்தைத் திரையிட்டோம். நள்ளிரவு தாண்டியும் ஒருவரும் எழுந்து போகவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி, இந்த ஆண்டு நம் கூட்டங்களை நிரப்பிய விஷயத்துக்கு வருகிறேன். அது இந்திய அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரி. ஒரே வீரரைப் பற்றி ஒரே ஆண்டில் இத்தனை முறை பேசியிருக்கிறோமா என்று மூத்த உறுப்பினர்களைக் கேட்டேன். முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியா ஓய்வு பெற்றபோதுகூட இவ்வளவு இல்லை என்றார்கள். நடந்த விவாதங்களின் சாரத்தை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் அறிக்கையிலும் அது இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு நாம் செய்யப்போகும் வேலை அதிலிருந்துதான் வந்தது.

2024 மே 16 அன்று சேத்ரி ஒரு வீடியோவில் ஓய்வை அறிவித்தார். ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக்கில் குவைத்துடன் நடக்கும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டமே கடைசி என்றார். அந்த வாரமே மன்றத்தில் கூட்டம் கூட்ட வேண்டியதாகிவிட்டது. அப்போது எழுந்த முதல் கேள்வி கடுமையானது. அதே சுற்றில் ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருடன் இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. "அண்ணே, ஒரு மேட்ச் மிச்சம் இருக்கும்போது கேப்டன் எப்படிப் போகலாம்?" என்று ஒரு தம்பி எழுந்து கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். சொந்த மண்ணில், நிறைந்த அரங்கில் விடைபெறுகிற உரிமை 19 ஆண்டு ஆடியவருக்கு உண்டு என்று மறுபாதி பதில் சொன்னது. நான் அன்றும் இந்தப் பக்கம்தான் பேசினேன், இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

குவைத் ஆட்டம் 0–0. அவர் கண்கலங்கிப் போனதை நாம் சேர்ந்து பார்த்தோம். கத்தார் ஆட்டத்தில் நம் வீரர் சாங்தே கோல் போட்டு முன்னிலை வாங்கித் தந்தார். அப்புறம் கோட்டைத் தாண்டிப்போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் போட்ட கோலை நடுவர் ஒப்புக்கொண்டார். 1–2 என்று தோற்று வெளியேறினோம். கோச் ஸ்டிமாச்சும் அந்த மாதமே போனார். அந்த இரவின் கோபம் நம் ஜூன் கூட்டத்தில் முழுதாக வெளிப்பட்டது. அதை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை.

ஜூலைக் கூட்டத்தில் விவாதம் அவருடைய சாதனையின் மதிப்பு பற்றித் திரும்பியது. 151 ஆட்டங்களில் 94 கோல். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் அடுத்த இடம். "யாருக்கு எதிரா அடிச்சதுன்னு பாருங்க, நேபாளமும் மாலத்தீவும்தானே?" என்பது ஒரு தரப்பு. இந்தக் கேள்வியைச் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான், அதற்குப் பதிலும் இருக்கிறது. 2008 ஆகஸ்ட் 13 அன்று டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். தஜிகிஸ்தானை 4–1 என்று வென்றோம், அதில் அவர் ஹாட்ரிக். அந்த வெற்றியால்தான் 2011 ஆசியக் கோப்பைக்கே போனோம். தோஹாவில் பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிராக அவர் கோல் அடித்தார். இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம் என்பதும் உண்மை. 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4–1 என்று அடித்தபோது இரண்டு கோல் அவருடையது. எந்த அணியை எதிர்த்து ஆடுவது என்று வீரர் தேர்வு செய்வதில்லை, நாட்டின் நிலைமை அதை முடிவு செய்கிறது. 2009-இல் இங்கிலாந்து கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. இந்தியாவின் ஃபிஃபா தரவரிசை போதாது என்று பிரிட்டன் வேலை அனுமதி மறுத்தது. அவர் திறமைக்கு அதில் என்ன சம்பந்தம்?

நம் மன்றத்தில் இன்னொரு தரப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்னை ரசிகர்களுக்கு அவர் பெங்களூரு எஃப்.சி. ஆள். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் 9-வது நிமிடமே ஹெடரில் கோல் அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தவர் அவர்தான். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு ஹெடர் அடித்து, ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டு, 3–2 என்று நாம் கோப்பை வாங்கியது வேறு கதை. 2023 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தயாராகும் முன்பே அவர் ஃப்ரீ கிக்கை அடித்ததையும், கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியதையும் சிலர் எடுத்து வைத்தார்கள். விதிப்படி நடுவர் ஒப்புக்கொண்ட கோல் அது. ஆனால் அதை நினைத்து இன்னும் மனம் ஒப்பாதவர்கள் நம்மிடையே உண்டு. குறிப்பேட்டில் அவர்கள் கருத்தும் பதிவாகியிருக்கிறது.

அன்றைய கூட்டத்தைத் திருப்பியவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். 2018 ஜூன் மாதத்தை நினைவுபடுத்தினார். மும்பையில் சீன தைபேயை 5–0 என்று வென்ற ஆட்டத்தில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். அரங்கில் 2,500 பேர்போலத்தான் இருந்தார்கள். மறுநாள் வீடியோ போட்டு, திட்டவாவது வாருங்கள் என்று நாட்டையே அழைத்தார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் அவருடைய 100-வது ஆட்டத்துக்கு டிக்கெட் முழுதும் விற்றுப்போனது, 3–0 என்று வென்றோம், அதில் இரண்டு அவர் அடித்தவை. "தம்பி, ரசிகனை வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டிவந்த ஒரே ஆள் அவர்தான். கோல் கணக்கை அப்புறம் பாருங்க" என்றார் அவர். மழைக்குள் நடந்த அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்த எல்லோருக்கும் அது நெஞ்சில் தைத்தது.

பிறகு மாதங்கள் ஓடின. செப்டம்பரில் ஹைதராபாத்தில் மொரீஷியஸுடன் 0–0, சிரியாவிடம் 0–3. அக்டோபரில் வியட்நாமுடன் 1–1, நவம்பரில் மலேசியாவுடன் 1–1. 2024-இல் இந்தியா ஆடிய 11 ஆட்டத்தில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அந்த 11 ஆட்டத்திலும் சேர்த்து அடித்தது 4 கோல். குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக சேத்ரி தன் 150-வது ஆட்டத்தில் அடித்த பெனால்டி ஒன்று. கத்தாரில் சாங்தே ஒன்று. வியட்நாமில் நம் சென்னையின் அணியின் ஃபரூக் சௌத்ரி ஒன்று. மலேசியாவுக்கு எதிராக ராகுல் பேக்கே ஒன்று, அவர் தடுப்பாட்டக்காரர். அதாவது சேத்ரி போன பிறகு அந்த ஆண்டு நாம் அடித்தது மூன்றே கோல், அதிலும் ஒன்று தடுப்பாட்டக்காரருடையது.

அதே நேரத்தில் கிளப்புக்காக சேத்ரி என்ன செய்துகொண்டிருந்தார்? டிசம்பரில் கேரளாவுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த ஐ.எஸ்.எல். பருவம் முடியும்போது 14 கோல். இந்திய வீரர்களில் முதலிடம். அதே பருவத்தில் மோகன் பகானின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் சுபாசிஷ் போஸ் 6 கோல் அடித்திருக்கிறார். அதைக்கூட எட்டாத இந்திய ஃபார்வர்டுகள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

எனவே 2025 மார்ச் 6 அன்று, அவர் ஓய்விலிருந்து திரும்புகிறார் என்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தபோது நம் குழுவில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மார்ச் மாதச் சிறப்புக் கூட்டம் இரவு பத்தைத் தாண்டியும் நடந்தது. 40 வயதில் திரும்பினால் 94 கோலின் பெருமை கரையும் என்றார் ஒருவர். ரோஜர் மில்லா ஓய்வுக்குப் பிறகு கேமரூன் அதிபர் அழைத்துத் திரும்பி வந்து 1990 உலகக் கோப்பையில் 38 வயதில் 4 கோல் அடித்ததை இன்னொருவர் சொன்னார். ஜிதான் 2005-இல் திரும்பி அடுத்த ஆண்டு பிரான்சை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார், டோனி குரூஸ் யூரோ 2024-க்காக ஜெர்மனி அணிக்குத் திரும்பினார் என்று உதாரணங்கள் வந்துகொண்டே இருந்தன. அவை எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. ஜிதானையும் குரூஸையும் வலுவான அணிகள் மேலும் வலுப்பெற அழைத்தன. நம் அணி வேறு ஆள் இல்லாமல் அழைத்தது.

ரொனால்டோ சவுதி கிளப்புக்கும் மெஸ்ஸி மயாமி கிளப்புக்கும் போக எடுத்த முடிவுகளும் பேச்சில் வந்தன. இளைய உறுப்பினர்களுக்கு அதில் ஆர்வம் அதிகம். அவர்கள் இருவரும் தங்கள் கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது என்று தேர்வு செய்ய முடிந்தவர்கள். சேத்ரிக்கு முன்னால் இருந்த கேள்வி, வா என்று கூப்பிடும்போது வரமாட்டேன் என்று சொல்லலாமா என்பது.

மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவை 3–0 என்று வென்றோம். 2023 நவம்பர் 16-க்குப் பிறகு 489 நாள் கழித்து வந்த முதல் வெற்றி. லிஸ்டன் கொலாசோ கொடுத்த பந்தை சேத்ரி தலையால் முட்டி 95-வது கோலை அடித்தார். ஆனால் 25-ஆம் தேதி அதே ஊரில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், வங்கதேசத்துடன் 0–0. அறிக்கை ஆண்டு அத்துடன் முடிகிறது. ஆனாலும் ஜூன் 10-ஐச் சொல்லாமல் விட மனமில்லை. ஹாங்காங்கில் இரண்டாம் பாதியில் அவர் மாற்று வீரராக இறங்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த பெனால்டியில் 0–1 என்று தோற்றோம். 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-இல் இருந்த அணி 2025 ஏப்ரலில் 127-இல் நின்றது.

விவாதத்தில் எல்லாத் தரப்பையும் பதிவு செய்வது செயலாளரின் கடமை, அதைச் செய்திருக்கிறேன். என் கருத்தையும் சொல்ல வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. சேத்ரி திரும்பி வந்ததால் அவர் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. 40 வயதில், தோற்றால் பழி தன் மேல் விழும் என்று தெரிந்தே, நாட்டுச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார். குறை இருப்பது அவரைக் கூப்பிட வேண்டிய நிலையில். இருபது ஆண்டாக ஒருவரே கோல் அடிப்பார் என்று கூட்டமைப்பும் கிளப்புகளும் இருந்துவிட்டன. ஐ.எஸ்.எல்.-இல் களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர் ஆடலாம். அதில் ஒரு இடம் அனேகமாக எல்லா அணியிலும் ஸ்ட்ரைக்கருக்குத்தான் போகிறது. நம் சென்னையின் அணியும் விலக்கில்லை. 20 வயது இந்தியப் பையன் நடு முன்களத்தில் ஆடிப் பழக இடமே இல்லாதபோது, அடுத்த சேத்ரி எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

நம் பகுதிக்கும் இதில் பங்கு இருக்கிறது. வியாசர்பாடி மண் தன்பால் கணேஷைத் தந்தது, அவர் நடுக்கள வீரர். நந்தகுமார் சேகரைத் தந்தது, அவர் பக்கவாட்டில் ஓடுபவர். தமிழ்நாட்டிலிருந்து போன ராமன் விஜயன் 1997–98 தேசிய லீக்கில் எல்லோரையும் விட அதிகமாக 10 கோல் அடித்தவர். அவருக்குப் பிறகு அந்த இடத்தில் ஆடும் பையன்களை நாம் வளர்த்தோமா என்ற கேள்வியை மார்ச் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். அவர் மகள் நம் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறாள்.

அந்தக் கேள்வியின் பேரில் செயற்குழு எடுத்த முடிவுகளைப் பொதுக்குழு ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஞாயிறு பயிற்சியில் கடைசி அரை மணி நேரம் கோல் அடிக்கும் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கப்படும். பிள்ளைகள் எந்த இடத்தில் ஆடுபவர்களாக இருந்தாலும் சேரலாம். ஹெடர் பழக்குவதைச் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றும், வளர்ந்தவர்களுக்கு இலகுவான பந்தில் பயிற்சியாளர் பார்வையில் மட்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். நம் பகுதியில் முன்பு ஃபார்வர்டாக ஆடிய மூத்தவர்களை மாதம் ஒருமுறை அழைத்துப் பயிற்சி தரச் சொல்வோம். மன்றச் செலவில் புதிய பந்துகளும் ஒரு சிறிய கோல் போஸ்ட்டும் வாங்க வேண்டும். பொருளாளர் அதற்கான தொகையைத் தன் அறிக்கையில் சேர்த்திருக்கிறார். மைதானத்து விளக்கு பற்றி மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

2025 அக்டோபரில் சிங்கப்பூருடன் இரண்டு தகுதிச் சுற்று ஆட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் மன்றத்தில் திரையிடுவோம். சேத்ரி ஆடினாலும் ஆடாவிட்டாலும் அனைவரும் வர வேண்டும்.

இந்த ஆண்டு உடன் உழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், திரையிடலுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகம், பயிற்சி நடத்தும் தம்பிகள், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோர் ஆகிய அனைவருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்