தம்பிக்குத் தமிழிலும் ஓர் அட்டை: கல்வி அமைச்சுக்குத் திறந்த மடல்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் சிறப்புக் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் தாய்மொழிக் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் இரு தரப்பையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்ல வந்த விஷயம் உங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. சிறப்புத் தேவை என்றால் ஒரு மேசை, தமிழ் என்றால் இன்னொரு மேசை. சிறப்புத் தேவையுடைய தமிழ்ப் பிள்ளையின் அம்மா எந்த மேசைக்குப் போவாள்?

நான் தொடக்கப்பள்ளிகளில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். என் தங்கை மகனுக்கு 9 வயது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளை, சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் படிக்கிறான். வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

தம்பிக்கு மூன்று வயதில் மதியிறுக்கம் என்று தெரிந்தபோது என் தங்கைக்குக் கிடைத்த முதல் அறிவுரை, “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும், இரண்டு மொழி அவனைக் குழப்பும்” என்பது. சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தங்கையும் அவள் கணவரும் அப்படியே செய்தார்கள். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் தம்பி, பெற்றோர் வேலை முடிந்து வரும் ஏழு மணிவரை எங்கள் அம்மாவிடம்தான் இருக்கிறான். அம்மாவுக்குத் தமிழ் தெரியும், சந்தைக்கடை மலாய் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் சமைத்துக்கொண்டே அவனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஒலி 96.8 ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரங்களைத் தம்பி அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வான். பிறகு வானொலியும் நின்றது. ஒருநாள் நான் கேட்டபோது அம்மா சொன்னார்: “நான் பேசினா புள்ளைக்குக் கெடுதலாம்டி.” தினமும் ஐந்து மணி நேரம் ஒரு பாட்டியும் பேரனும் அந்த வீட்டில் பேச்சில்லாமல் இருந்தார்கள். இப்படியே நான்கு ஆண்டுகள்.

அந்த அறிவுரைக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி கனடாவில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலையுள்ள பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று காட்டியது. மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகளும் இரண்டாவது மொழி கேடு செய்வதாகச் சொல்லவில்லை. இங்குள்ள பேச்சுச் சிகிச்சையாளர்கள் பலருக்கும் இது தெரியும். ஆனாலும் பழைய அறிவுரை இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் மதியிறுக்கம் என்ற சொல்லைக் கேட்டு அரண்டுபோய் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு யார் எதைச் சொன்னாலும் வேதவாக்குதான்.

தம்பியின் பள்ளியில் படங்களைக் கொடுத்துப் பேசும் முறையைப் பழக்கியிருந்தார்கள். 1985 முதல் அமெரிக்காவில் வளர்ந்துவந்த முறை அது. பிள்ளை தனக்கு வேண்டிய பொருளின் பட அட்டையை எடுத்துப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும். அது படிந்தபின் ஒரு பட்டையில் இரண்டு அட்டைகளை ஒட்டி வாக்கியமாகக் கொடுக்கப் பழக வேண்டும். இடப்பக்கம் ‘ஐ வாண்ட்’, வலப்பக்கம் பொருள். தம்பி அந்தப் பட்டையை அம்மாவிடம் நீட்டுவான். அவர் படத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துவிடுவார். ஆனால் வாசித்துக்காட்டத் தெரியாது. பிள்ளை கொடுத்த வாக்கியத்தைப் பெரியவர் வாயால் சொல்லிக் காட்டுவதுதான் அந்த முறையின் உயிர்நாடி. எங்கள் வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

போன ஆண்டு நான் தமிழில் அட்டைகள் செய்யத் தொடங்கினேன். முதலில் பள்ளிப் பட்டையை அப்படியே பார்த்து ஒட்டினேன்: இடப்பக்கம் ‘வேண்டும்’, வலப்பக்கம் ‘தண்ணீர்’. உரக்கப் படித்தும் காட்டினேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “யாருடி அப்படிப் பேசுவா?” என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு பாடங்கள் இருந்தன. தமிழில் பொருள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். எனவே பட்டை திரும்ப வேண்டும். அடுத்தது, எந்த வீட்டிலும் யாரும் தாகம் எடுத்தால் ‘தண்ணீர் வேண்டும்’ என்பதில்லை, ‘தண்ணி வேணும்’ என்கிறோம். பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் வேறு வேறு என்பது நம் மாணவர்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் தம்பி போன்ற பிள்ளைக்கு ‘வேண்டும்’ ஒரு சொல், ‘வேணும்’ வேறொரு சொல். இரண்டும் ஒன்றுதான் என்று ஊகித்துக்கொள்ளும் வேலையை அவன்மேல் சுமத்தக்கூடாது. 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. எழுத்துத்தமிழ் கெட்டுவிடும் என்று வாதிட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அந்தப் பரிந்துரை யாருக்கு எல்லோரையும்விட அதிகம் தேவைப்படுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

பட்டையைத் திருப்பினேன். ‘தண்ணி’, ‘வேணும்’. அம்மா தினமும் வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு, “தண்ணி... வேணும்” என்று சொல்லிவிட்டுத்தான் குவளையைக் கொடுப்பார். மூன்றாவது வாரம் அவர் ‘தண்ணி’ என்று சொல்லி அடுத்த அட்டைக்கு விரலை நகர்த்துவதற்குள், தம்பி குவளையைப் பார்த்துக்கொண்டே “ணும்” என்றான். அம்மா அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் அழைத்து அந்த ஓர் ஒலியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது ஒரு பிள்ளையின் கதை. ஒவ்வொரு குறையும் தமிழை வெவ்வேறு இடத்தில் சந்திக்கிறது என்பதை நான் வகுப்பறையில் இருந்தபோதே அறிந்திருக்க வேண்டும், அறியவில்லை. தொடக்கநிலை 3இல் ஒரு மாணவன் இருந்தான். ‘கோழி’ எழுதச் சொன்னால் முதலில் ‘க’ போடுவான். பிறகு கால் போடுவான். அதற்கப்புறம்தான் கொம்பு நினைவுக்கு வரும், அதற்கு இடம் இருக்காது, எங்காவது ஒட்டிவைப்பான். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்து 20 முறை எழுதிவரச் சொன்னேன். 20 முறையும் அப்படியே எழுதிவந்தான். அவன் காது சொன்ன வரிசையில்தான் அவன் கை எழுதியிருக்கிறது. ‘கோ’ என்னும்போது முதலில் கேட்பது ‘க்’, பிறகு ‘ஓ’. நம் எழுத்துமுறைதான் பின்னால் ஒலிப்பதன் பாதியை முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. மற்ற பிள்ளைகள் 247 எழுத்துகளின் படங்களை விழுங்கி இதைத் தாண்டிவிடுகிறார்கள். வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவனுக்கு எழுத்தைப் பிரித்து, துண்டுகளை மேசையில் வைத்து, தொட்டு நகர்த்திச் சேர்க்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அந்த மாணவனிடம் இன்றும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2012 முதல் தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே டிஸ்லெக்சியா பயிற்சி நடக்கிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆங்கில வாசிப்புக்கானது. கொம்பும் ல, ள, ழ வேறுபாடும் ஆங்கிலத்தில் இல்லையே!

பார்வையற்றோர் விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் புள்ளி எழுத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தமிழ்ப் பிரெயிலில் ‘கோ’ எழுத முதலில் ‘க’வுக்கு இரண்டு புள்ளிகள், அதன்பின் ‘ஓ’வுக்கு மூன்று புள்ளிகள். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. பார்வையற்ற பிள்ளைக்குத் தமிழ் கடினம் என்று பேசுகிறோம். அந்த இடத்தில் அவனுக்கு நம்மைவிட எளிது.

செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு வேறு வகைத் தொல்லை. உதட்டைப் பார்த்தால் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுதான். ‘மாமா’ என்றாலும் ‘பாப்பா’ என்றாலும் உதடுகள் அதேபோல்தான் ஒட்டிப் பிரிகின்றன. சொல்வதெழுதுதலின்போது நான் வகுப்பைச் சுற்றி நடந்துகொண்டே சொற்களைச் சொல்வேன். காதில் கருவி மாட்டியிருந்த ஒரு சிறுமி கழுத்தைத் திருப்பித் திருப்பி என் முகத்தைத் தேடுவாள். நேராக உட்கார் என்று அதட்டியிருக்கிறேன். நான் ஓர் இடத்தில் நின்றிருந்தாலே போதும், சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. செலவே இல்லாத உதவி அது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கோ பதில் உள்ளே தயாராக இருக்கும், அது வாய்க்கு வந்துசேர நேரம் பிடிக்கும். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணும் பொறுமை மட்டும் ஆசிரியருக்கு வேண்டும்.

சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அப்படியென்றால் இவர்கள் தமிழ் வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நான் போய்வந்த பயிற்சிகளில் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளாக இருந்தன. ‘பி’யும் ‘டி’யும் குழம்பும் என்று கேட்டுக்கொண்டு வந்து, ‘கோ’ முன்னால் விழித்துக்கொண்டு நின்றேன்.

2003இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, மிதமான மற்றும் கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. கனிவாகத் தெரிந்த ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் படிப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளும் அதில் இருந்தது. 2019இல் அந்த விலக்கை எடுத்தீர்கள். என் தங்கை அன்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அதே மனத்தோடு, தாய்மொழிப் பாடத்திலிருந்து கொடுக்கும் விலக்கையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்கிறேன்.

விலக்கு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் சுமையில் நசுங்கிய பிள்ளைகளைப் பார்த்தவள் நான். விலக்குப் படிவத்தில் கையெழுத்திடும் எந்தப் பெற்றோரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் தேர்விலிருந்து விலக்கு என்பது நடைமுறையில் தமிழிலிருந்தே விலக்கு ஆகிவிடுகிறது. எழுத்து வேண்டாம் என்றால் பேச்சு இருக்கட்டும். தேர்வு வேண்டாம் என்றால் வாரம் ஒரு மணி நேரம் கதை கேட்க இருக்கட்டும். படிவத்தை நீட்டுமுன் ஒரு தமிழாசிரியரும் சிறப்புத் தேவை அதிகாரியும் பெற்றோரோடு உட்கார்ந்து, ‘இந்தப் பிள்ளை வீட்டில் யாரோடு இருக்கிறான், அவர் என்ன மொழி பேசுவார்’ என்று கேட்கட்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் ஒரு பாட்டி தன் பேரனிடம் பேச அஞ்சுகிறாள் என்றால் அது எனக்குத் தாங்கவில்லை.

சிறப்புக் கல்விப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கு 2012 முதல் ஒரு பாடத்திட்டக் கட்டமைப்பு இருக்கிறது. பேச்சுத் தொடர்பும் மொழியும் அதில் முக்கியமான பகுதி. அந்த மொழி என்பதில் பிள்ளை வீட்டுக்குப் போனதும் கேட்கும் மொழியும் சேரட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் வகுப்பு தொடங்குங்கள் என்று கேட்கவில்லை, ஆள் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். வேணும், வேணாம், போதும், இன்னும், வா, குடு, பாரு, வலிக்குது என்று ஒரு 40 சொற்கள் போதும். அதைப் பேச்சுத்தமிழில், தமிழ் வாக்கிய வரிசையில், குரல் பதிவோடு ஒரு முறை செய்து எல்லாப் பெற்றோருக்கும் இலவசமாகக் கொடுங்கள். உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரை அவர்களோடு உட்காரவைத்தால் போதும். அதோடு, வீட்டில் பேசும் மொழியை விடவேண்டியதில்லை என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு, பிள்ளையின் நிலை தெரியவரும் அன்றே பெற்றோர் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.

‘வலிக்குது’ என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் சொல்லவேண்டும். இந்த ஆண்டு தொடக்கத்தில் தம்பி இரண்டு நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். நடத்தைப் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். மூன்றாம் நாள் பிற்பகல் அவன் பலகையிலிருந்து அந்த அட்டையைப் பிய்த்து எடுத்து அம்மா மடியில் வைத்தான். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தாடைமேல் வைத்தான். பல் மருத்துவர் பார்த்தபோது கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர்வரை போயிருந்தது.

என்னிடம் இப்போது 38 அட்டைகள் இருக்கின்றன. அக்கம்பக்கக் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டு, பின்னால் ஒட்டுப்பட்டை வைத்தவை. ‘வேணும்’ அட்டை மட்டும் ஓரம் நைந்து, மூன்றாவது முறையாக மாற்றியிருக்கிறேன். நீங்கள் எந்த நாள் அழைத்தாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். எந்தச் சொல்லை யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்ல அவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஈசூன்