லேத்திலிருந்து சிஎன்சி: திங்கள் முதல் ஷாப்பிலேயே பயிற்சி

சீனியர் லேத் ஆபரேட்டர்கள் கவனத்துக்கு. ஷிப்ட் ஆரம்பித்ததும் முதல் 2 மணி நேரம் சிஎன்சி மெஷினை (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் லேத்) வேலைக்குத் தயார் செய்யும் செட்டர் பக்கத்தில் நில்லுங்கள். அந்த நேரத்துக்கு டார்கெட் கிடையாது. சூப்பர்வைசர் கேட்டால் இந்த மெசேஜைக் காட்டலாம்.

முதல் வாரம் புரோகிராம் எழுத வேண்டாம், ஆஃப்செட் (டூல் நிற்கும் இடத்துக்கான திருத்த எண்) மட்டும். மெட்டீரியல், வெட்டும் சத்தம், சிப் நிறம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சறுக்குவது எண்களில்தான். எக்ஸ் அச்சு விட்டக் கணக்கு. 25.00 வர வேண்டிய ஷாஃப்ட் 25.04 இருந்தால் வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) -0.04 கூட்டணும். பழைய டயல் பழக்கத்தில் பாதியாக்கி -0.02 போட்டால் 25.02-லேயே நிற்கும்.

அடுத்தது புள்ளி. நம் ஃபனக் (மெஷினின் கன்ட்ரோலர்) செட்டிங்கில் எக்ஸ் 50 என்று அடிக்கும்போது 50-க்குப் பின்னால் புள்ளி விட்டுப்போனால் மெஷின் அதை 0.05 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு டூலை நேரே சென்டருக்கு ஓட்டும். இன்செர்ட்டோடு (டூலின் வெட்டும் முனை) போனால் அதிர்ஷ்டம்.

அதனால் முதல் பீஸுக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டுவது) ஆன், ரேபிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது) 25%, விரல் டூலை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில். டூல் ஜாபை நெருங்கும்போது திரையில் மீதி தூரத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

25-50 மி.மீ. மைக்ரோமீட்டர், நோட்டு கொண்டுவரவும். திரையில் எழுத்து பொடிசு, வாசிக்கிற கண்ணாடியும்தான்.

நைட் ஷிப்ட்காரர்கள் ஞாயிறு மாலைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.