சென்னை–சிங்கப்பூர் ஆறே முக்கால் மணிப் பயணம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2,540 கி.மீ., பறக்கும் நேரம் ஆறே முக்கால் மணி என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

தூரம் பிசகியது மைலில். விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,580 கடல் மைல். அதைச் சாலை மைலாக எண்ணி 1.609ஆல் பெருக்கினால் உங்கள் 2,540 வந்துவிடும். சரியான கணக்கு சுமார் 2,920 கி.மீ. வகுத்த வான்தடத்தில் போவதாலும் வழியில் இடிமேகத்தைச் சுற்ற நேர்வதாலும் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

நேரத்தில் நடந்தது எல்லோரும் செய்யும் பிழை. புறப்பாடு இரவு 11.15, வருகை காலை 6.00 என்றிருந்தால் நேராகக் கழித்துவிடுகிறோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும்: நாலே கால் மணி. திரும்பும்போது கூட்ட வேண்டும்: அங்கே காலை 9.00க்குக் கிளம்பி மீனம்பாக்கத்தில் 10.40க்கு வந்து சேர்ந்தால், பயணம் 4 மணி 10 நிமிடம். (1981 முடியும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணிதான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது.)

அந்த நாலே காலும் ஆகாயத்தில் கழிவதில்லை. இங்கே சக்கரத்தடியில் இருக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, முறைக்குக் காத்திருக்க, இறங்கியபின் வாயிலைச் சேர என 20, 30 நிமிடம் தரையிலேயே போகும். ஏ320 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 830 கி.மீ. போகும் என்று வைத்தால் மூன்றரை மணி. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் கால் மணி கூட்டிக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். 1958இல் வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் விவரித்த கீழைத் தாரைக்காற்று இதுதான். அப்போது போகையில் எதிர்க்காற்று, வருகையில் பின்காற்று.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்கள் இப்படி அச்சில் வந்ததை நம்பி ஓர் இரவுத் தூக்கம் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். சாப்பாடு கொடுத்து விளக்கை அணைத்தபின் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். இன்சுலின் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிங்கப்பூரில் காலை ஆறரைக்கு ஊசி போட்டால் உடம்புக்கு அது விடிகாலை நாலு மணி; முந்தைய ஊசியிலிருந்து இடைவெளி இரண்டரை மணி குறைந்திருக்கும். முதல் நாள் அளவையும் நேரத்தையும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருத்தம் வெளியிடும்போது புறப்பாடு, வருகை இரண்டுக்கும் எதிரே இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம் இரண்டையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பல்லாவரம்